நைனாவுக்குச் சுட்ட ரொட்டி

"மீனு அலசத் தெரியாத கையி, ரொட்டி சுடப் போவுதா? நல்லா கீதுடி கத!"

அத்தை வாசலில் நின்றபடி இதைச் சொன்னபோது நான் அடுப்படியில் கோதுமை மாவைச் சலித்துக்கொண்டிருந்தேன். அத்தை என் நைனாவின் தங்கை, பக்கத்து வீடு. அவள் பேச்சே அப்படித்தான், மனசில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. எனக்கு இருபத்து நான்கு வயதாகிறது. கடலோடு சேரும் இந்த ஏரியின் கரையிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு மடவை மீனைக் கையில் கொடுத்தால் செதிலை எந்தப் பக்கத்திலிருந்து சுரண்டுவது என்று யோசிப்பேன்.

அம்மா என்னை அப்படி வளர்த்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். நான் அடுப்பு பக்கம் எட்டிப் பார்த்தாலே, "நீ போய் படி. இந்த நாத்தம் உனக்கு வேணாம்" என்று விரட்டிவிடுவாள். பொன்னேரியில் வேதியியல் படித்துவிட்டு இப்போது மீஞ்சூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் திருப்பாலைவனம் வழியாகப் போகும் பேருந்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ரொட்டி சுடத் தொடங்கியது பெருமையினால் அல்ல. பயத்தினால்.

நைனாவின் வலது கால் விரலைச் சிப்பி கிழித்திருந்தது. ஏரியில் இறங்கிக் கழி ஊன்றி வலை கட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே இறங்கிவிடுவார்கள். நைனாவும் அப்படித்தான் இறங்கினார். ஒரு மாதமாகியும் காயம் ஆறவில்லை. விரல் கருக்கத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "படிச்ச பொண்ணுதானே? இனிமே அப்பா இன்னா சாப்புடறார்னு நீதான் பாத்துக்கணும். கொறையலைன்னா வெரல எடுக்க வேண்டி வரும். அதோட நிக்காது" என்றார்.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் முழங்காலுக்குக் கீழே இல்லாத ஒரு காலை நீட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். அவருக்கும் முதலில் விரல்தான் போனது. அன்று வீட்டுக்கு வரும்போது அவரைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நைனா பார்த்தார்.

நைனா விடியும் முன் படகுக்குப் போகும்போது ஒரு தூக்கு நிறையப் பழைய சோறு கொண்டுபோவார். கழியெல்லாம் ஊன்றி முடித்த பிறகு அதைக் குடிப்பார். முதல் வேலையாக அதை நிறுத்தினேன். அம்மாவைச் சப்பாத்தி போட்டுக் கொடுக்கச் சொன்னேன். நைனாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. "தோலு மாரி கீதும்மா, அத்து வரமாட்டேங்குது" என்றார். கடையில் விற்கும் ரொட்டி வெறும் மைதா. அப்போதுதான் முழுக் கோதுமையில் வீட்டிலேயே ரொட்டி சுடலாம் என்று தோன்றியது. மெத்தென்று இருக்கும், பல் இல்லாவிட்டாலும் இறங்கும், சர்க்கரையும் சட்டென்று ஏறாது. நானே கண்டுபிடித்த வழி. நினைக்க நினைக்க எனக்குத் தைரியம் வந்தது.

எங்கள் ஊரில் யாரும் ரொட்டியைச் சாப்பாடு என்று நினைப்பதில்லை. காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் ரொட்டி இருந்தால் அங்கே யாரோ படுத்திருக்கிறார் என்று அர்த்தம். முதல் நாள் எங்கள் அடுப்படியிலிருந்து வாசனை வெளியே போனதுமே இரண்டு பேர் வந்து, "இன்னாமே, யாருக்கு ஜொரம்?" என்று விசாரித்துவிட்டார்கள். அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே தெரிவது அவளுக்குப் பிடிக்காது.

ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து மிஷினில் கொடுத்து அரைத்து வந்தேன். ஈஸ்ட் பொன்னேரியில் கிடைத்தது. எங்களிடம் ஓவன் இல்லை. பெரிய குண்டானில் மணலைக் கொட்டி, அதற்குள் ஒரு வளையம் வைத்து, அதன்மேல் டப்பாவை வைத்து மூடினால் போதும் என்று போனில் ஒரு பெண் செய்துகாட்டியிருந்தாள். கரையிலிருந்து மணல் அள்ளி வந்தேன். சூடேறியதும் மணலில் இருந்த சின்னச் சின்ன சிப்பியெல்லாம் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கின. நான் அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனாவுக்கு வியாதி என்று தெரிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். பிறகு மணலைச் சலித்துச் சிப்பியை எடுத்துவிட்டோம்.

மாவு பிசையும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் சொன்னபடி ஈஸ்ட் போட்டேன், குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன், வீட்டில் இருந்த கரண்டியால் இரண்டு கரண்டி உப்பு போட்டேன், ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். மாவு உப்பவேயில்லை. கோதுமை என்றால் அப்படித்தான் இருக்கும், மைதா மாதிரி பொங்காது என்று நானே சொல்லிக்கொண்டேன். வெந்து வந்த ரொட்டியின் நிறம் நன்றாக இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தால் படகுப் பலகையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. மெல்லிசாக வெட்டி ஒரு துண்டு வாயில் போட்டேன். உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. மீன்காரர் வீட்டு நாக்குக்கு அது ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன்.

நைனா ஒரு துண்டை வெகுநேரம் மென்றார்.

"எப்படி கீது, நைனா?"

"நல்லா கீதும்மா."

அன்று அத்தை வீட்டுக்கும் இரண்டு துண்டு கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு வேலைக்குப் போய்வந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் சுட்டேன். ஒவ்வொரு நாளும் நான்கு துண்டுகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு நைனாவின் கூடையில் வைப்பேன். நைனா எழுந்து முகம் கழுவியதும் என் கையாலேயே மாத்திரையைக் கொடுத்து, முழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் படுப்பேன். ரொட்டியைப் படகில் சாப்பிட்டுக்கொள்வார். காயத்தின் ஓரம் சிவந்து வந்தது. அது ஆறுவதற்கான அடையாளம் என்று நினைத்தேன். அப்படியும் பயம் முழுசாகப் போகவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அந்த விரல் கண்முன் வரும். வீட்டுக்குப் போன் போட்டு, "நைனா வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த வாரம் எங்கள் முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பாடு என்போம். நல்ல இடம் எப்போதாவதுதான் கைக்கு வரும். முறை வந்த நாளில் ஆள் போகாவிட்டால் அது போனதுதான், அடுத்த சுற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதனால் பாடு வந்தால் காய்ச்சலோ குளிரோ, ஒருவரும் வீட்டில் தங்கமாட்டார்கள். நைனாவும் சித்தப்பாவும் ஒரே படகில் போகிறவர்கள். சித்தப்பா நைனாவுக்குப் பெரியப்பா மகன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணி இருக்கும். நான் அடுத்த ரொட்டிக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, உங்க நைனாவுக்கு இன்னாவோ ஆவுது. கையி உதறுது. வேர்த்து ஊத்துது. பேசனா கொளறுது. ராத்திரி சரக்கு கிரக்கு போட்டாரா?"

"இல்ல சித்தப்பா. இல்லவே இல்ல."

"அப்பறம் ஏன் குடிச்ச மாரி கீறாரு? என்னையே யாருன்னு கேக்கறாரு."

என் கை மாவோடு அப்படியே நின்றுவிட்டது. மாத்திரை கொடுத்த அன்றே நான் அதைப் பற்றிப் படித்திருந்தேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழறல், அப்புறம் மயக்கம். வரிசையாக ஞாபகம் வந்தது. ஆனால் நைனாதான் சாப்பிட்டிருப்பாரே?

"சித்தப்பா, நைனா ரொட்டி சாப்ட்டாரா?"

"ரொட்டியா? இரு." மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "டப்பா ரொம்பி கீதும்மா. ஒண்ணும் எடுக்கல. பலகைக்கு அடியில ஒரு பையில பூசணம் புடிச்சதுகூட கீது. எத்தினி நாளுதும்மா இது? இத்த குடுக்கட்டா?"

"வேணாம்! இனிப்பு ஏதாச்சும் கீதா? சக்கர, கலரு, மிட்டாய், எதனா?"

"நடு ஏரில மிட்டாய்க்கு எங்கம்மா போறது? தண்ணியும் பொகலையும்தான் கீது."

"அப்ப கரைக்கு வாங்க. எது கிட்டக்க கீதோ அங்க போங்க."

"பசியாவரம்தான் கிட்ட. வல பாதி கட்டிக்கினு கீது..."

"வல கெடக்கட்டும் சித்தப்பா!"

நான் அவரிடம் அப்படிக் கத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. பாடு நாளில் கட்டிய வலையை விட்டுவிட்டு வா என்று எந்தப் பெண்ணும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டாள். பிறகு இஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. அதோடு சிக்னல் போய்விட்டது.

அம்மா என்ன என்ன என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கரைக்கு ஓடினேன். ஏரி எப்போதும் போல இருந்தது. தூரத்தில் ஐந்தாறு படகுகள். அதில் எது எங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. மீண்டும் மீண்டும் அந்த எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது பதிவுக் குரல். மயக்கம் வந்து நைனா தண்ணீரில் சாய்ந்துவிட்டால் சித்தப்பா ஒருவரால் தூக்க முடியுமா? மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றிவிடப் போகிறாரே, அதைச் சொல்லவில்லையே? பூசணம் பிடித்ததுகூட இருக்கிறது என்றாரே, அப்படியென்றால் எத்தனை நாளாக வெறும் வயிற்றில் மாத்திரை? அந்த மாத்திரையை என் கையால் கொடுத்திருக்கிறேன். முழுங்கிவிட்டாரா என்று வாயைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

பின்னாலேயே வந்த அம்மா கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பசியாவரத்தில் யாரோ ஒரு பெண்.

"உங்க அப்பாவா? கரையிலயே சக்கரத் தண்ணி கரச்சுக் குடுத்தோம். ரெண்டு சொம்பு குடிச்சிட்டாரு. இப்ப தெளிஞ்சுட்டு, எதுக்குடா இங்க இட்டாந்தன்னு உங்க சித்தப்பாவ திட்டிக்கினு கீறாரு."

நான் அப்படியே தண்ணீர் ஓரம் உட்கார்ந்தேன். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார். சாப்பிட்ட பிறகுதான் அந்த மாத்திரை, அதுவும் விடியும் முன் கடினமான வேலைக்குப் போகிறவருக்கு அந்த அளவு கூடாது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

அம்மா டீ வாங்கப் போனபோது நைனாவிடம் கேட்டேன். "எத்தினி நாளா சாப்பிடல?"

அவர் சுவரைப் பார்த்தார். "மொத நாளு தண்ணில முக்கித் துன்னு பாத்தேம்மா. ஊறவே இல்ல. முன்னாடி கீற பல்லும் ஆட ஆரம்பிச்சிச்சு. கருவாட்ட விட உப்பு."

"அத எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீ படிச்சிட்டு, எல்லாம் அளந்து, ஆசையா செய்யற. உங்கிட்ட எப்பிடிம்மா சொல்றது? சித்தப்பன் தூக்குல கீற சோத்துல ஒரு கை வாங்கிக்குவேன். அன்னிக்கி அவனும் கொண்டார்ல."

அந்தப் பதில் என்னை ஏரிக்கரையில் நின்றபோது இருந்ததைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. கரையில் இருந்த பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது, போன் வந்ததும் தீர்ந்தது. இது தீரவில்லை. நான் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் ஒருவர் செத்துப்போகப் பார்த்திருக்கிறார். இன்னும் எதையெல்லாம் என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா உலை வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். அரிசி களைந்தாள், போட்டாள், மூடினாள்.

"உப்பு போடலியா?"

"பம்பு தண்ணிக்கு எவளாச்சும் உப்பு போடுவாளா? அதே கரிக்குது."

குடிக்க எங்களுக்குக் கேன் தண்ணீர் வரும். சமையலுக்கு அடிபம்பு தண்ணீர்தான். அது கரிக்கும் என்று எனக்கும் தெரியும், வாய் கொப்பளித்திருக்கிறேன். ஆனால் அம்மா அதற்காக எதிலும் உப்பைக் குறைத்துப் போடுகிறாள் என்பது தெரியாது. அந்தத் தண்ணீரில்தான் நான் இரண்டு கரண்டி, அதுவும் டீக்கரண்டிக்குப் பதில் பெரிய கரண்டியால், உப்பைக் கொட்டியிருக்கிறேன். அவ்வளவு உப்பில் ஈஸ்ட் எப்படி வேலை செய்யும்? இதைப் பாடமாகவே படித்துத் தேர்வெழுதியவள் நான்.

"நான் போடறத பாத்துக்கினுதானே இருந்த? ஏம்மா சொல்லல?"

"நீ போன்ல பாத்து போடற. அதுல அப்பிடி போட்டிருக்கும்னு நெனச்சேன். எனக்கு இன்னாடி தெரியும்?"

"உனக்குத்தான்மா தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை மாவை அம்மா பிசைந்தாள். நான் போனை எடுக்கவில்லை. உப்பு போடவில்லை. "மாவு தண்ணி கேக்குது" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஒரு மணி நேரம் ஆனதும் நான் மூடியைத் திறக்கப் போக, கையைத் தட்டிவிட்டாள். "அவசரப்படாத. இன்னும் எழும்பட்டும்." விளக்கு வைக்கும் நேரத்தில் மாவு கிண்ணத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. வெந்ததை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தது. அத்தை ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "அன்னிக்கி குடுத்தது ரொட்டியாடி? எங்க வூட்டு நாயி மோந்துட்டு போயிடிச்சு" என்றாள். அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நைனா சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"உண்மைய சொல்லணும், நைனா."

தண்ணீர் குடித்தார். "அடியில கொஞ்சம் தீஞ்சி கீது."

எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆனால் பயம் போய்விடவில்லை. காயம் பாதிதான் ஆறியிருக்கிறது. நைனா படகில் போகும் ஒவ்வொரு நாளும் எட்டு மணி தாண்டும்வரை என் கை போனிலேயே இருக்கும். சித்தப்பா தன் சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருப்பதாகச் சத்தியம் செய்கிறார். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை, மாத்திரை போட்டபின்தான் படகு என்று நைனாவும் ஒத்துக்கொண்டார். மூன்று வாரம் அப்படியே நடந்தது.

நேற்று மீண்டும் எங்கள் முறை வந்தது. போன தடவை கட்டிய வலையை விட்டுவிட்டு வந்தது நைனாவின் மனதில் இருந்திருக்கும். எழுந்ததிலிருந்து ஒரே பரபரப்பு. காற்று நன்றாக இருக்கிறது, மற்றவர்கள் போய்விட்டார்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். "படகுல துன்னுக்கறேம்மா, மாத்தர குடு" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "வந்து போட்டுக்கறேன் போ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கரைக்கு நடந்தார்.

பாடு நாளில் வலை ஏற்றும் நேரத்தில் எங்கள் தெருப் பெண்கள் படகுப் பக்கம் போவதில்லை. யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை, யாரும் போயும் பார்த்ததில்லை. அம்மா கதவருகே நின்றாள். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, நிற்கச் சொல்லவும் இல்லை. நான் நான்கு துண்டு ரொட்டியையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "ஏய், எங்கடி போற?" என்று அத்தையின் குரல் பின்னால் கேட்டது. படகைத் தள்ளிவிட்டிருந்தார்கள். சித்தப்பா கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் இறங்கினேன், சேறு காலை உள்ளே இழுத்தது.

படகின் விளிம்பைப் பிடித்தபோது தண்ணீர் என் இடுப்புக்கு வந்திருந்தது. மாத்திரை அட்டையை என்னிடமே வைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து நைனாவின் கையில் வைத்தேன்.